தலையில் உட்கார்ந்த பிறகுதான் ஒலி: வீட்டுக்கும் கணினிக்கும் ஹெட்போன் தேர்ந்தெடுப்பது எப்படி

ஹெட்போன் வாங்கப் போகிறவர் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் முதலில் தேடுவது "20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்ற வரியை. அந்த வரி எதையும் சொல்வதில்லை. அந்த எல்லைக்குள் ஒலியின் அளவு எத்தனை டெசிபெல் ஏறி இறங்குகிறது என்று குறிப்பிடாதவரை, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒலிக்கும் ஹெட்போனும் அதே வரியை அச்சடித்துக்கொள்ளலாம். டிரைவர் எனப்படும், உள்ளே ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர் 50 மி.மீ. இருந்தால் 40 மி.மீ. டிரைவரைவிட நன்றாக ஒலிக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 40 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும் என்ற தங்க முத்திரையாலும் பெரிய பயன் கிடையாது. மனிதக் காதின் மேல் எல்லை சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். வயது ஏற ஏற அதுவும் இறங்கும்.

ஒலியைத் தீர்மானிப்பவற்றில் பாதி அட்டையில் எழுத முடியாதவை. இயர்பேட் எனப்படும் மெத்தை காதைச் சுற்றி எவ்வளவு நெருக்கமாகப் படிகிறது, டிரைவருக்கும் காதுத் துளைக்கும் இடையே எவ்வளவு தூரம், காது மடலின் வடிவம் என்ன என்று எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். பின்பக்கம் அடைபட்ட மூடிய வகை ஹெட்போனில் மெத்தைக்கும் தோலுக்கும் இடையே சிறு இடைவெளி விழுந்தாலே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சரிந்துவிடும். காரணம் எளிமையானது. தாழ்ந்த அதிர்வெண்களில் டிரைவர் செய்வது, காதுக்கு முன்னால் அடைபட்ட காற்றை மெதுவாக அழுத்தி விடுவதுதான். கசிவு இருந்தால் அந்த அழுத்தம் வெளியே ஓடிவிடும். ஒரே மாடலை ஒருவர் "பேஸ் அதிகம்" என்றும் இன்னொருவர் "பேஸே இல்லை" என்றும் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே வசதி ஒரு கேள்வி, ஒலித்தரம் வேறொரு கேள்வி என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சரியாக உட்காராத ஹெட்போன் சரியாக ஒலிக்காது. வலிக்கிறது என்று அரை மணிக்கொரு முறை நகர்த்தி வைக்கப்படும் ஹெட்போன், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஒலிக்கும்.

உட்காரும் விதம்

முதலில் காதின் அளவு. பெரியவர்களின் காது மடல் பொதுவாக 6 முதல் 7 செ.மீ. நீளம், 3 முதல் 4 செ.மீ. அகலம், தலையிலிருந்து 2 செ.மீ. அளவுக்கு வெளியே நீண்டிருக்கும். காதைச் சுற்றி உட்காரும் வகையில் இயர்பேடின் உள்துளை இந்த அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நீளமும் அகலமும் போதும், ஆழம் போதாது என்பதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். உள்ளே டிரைவரை மூடியிருக்கும் துணியில் காதின் நுனி உரசினால் முதல் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அந்தப் புள்ளி எரியத் தொடங்கும். வாங்கும் முன் இயர்பேடின் உட்புற ஆழத்தை ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். மெத்தை அமுங்கிய பிறகும் 2 செ.மீ. மிஞ்சினால் நல்லது. வட்டத் துளையைவிட முட்டை வடிவத் துளை காதுக்கு இணக்கமானது. டிரைவர் சற்றுச் சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால், அல்லது இயர்பேட் பின்பக்கம் தடிமனாக இருந்தால், காதின் பின்விளிம்புக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.

காதின் மேலேயே உட்காரும் சிறிய வகை எடை குறைவு, பையில் வைப்பதற்கும் எளிது. ஆனால் அழுத்தம் முழுவதும் குருத்தெலும்பின் மேல் விழுகிறது. கணினி முன் நாள் முழுக்க உட்கார்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். விதிவிலக்கு, பிடிமானமே தெரியாத அளவுக்கு லேசான, நுரை மெத்தை வைத்த மாடல்கள். 1984-இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் கோஸ் போர்ட்டா புரோ அந்த ரகம்.

அடுத்தது எடை. 250 கிராம் வரை கழுத்துக்குப் பொருட்டே இல்லை. 300, 350 கிராமுக்கு வந்தால் எடை எப்படிப் பரவுகிறது என்பது முக்கியமாகிறது. தலைப்பட்டையின் நடுவில் சிறிய மெத்தை மட்டும் இருந்தால் உச்சந்தலையில் ஒரே புள்ளியில் எல்லாம் இறங்கும். வளைவுக்குக் கீழே அகலமான வார் தனியாகத் தொங்கும் அமைப்பு இந்த எடையைத் தலை முழுக்கப் பரப்பிவிடும். 400 கிராமைத் தாண்டும், தட்டையான மெல்லிய சவ்வால் ஒலிக்கும் பிளேனார் வகைகள் சாய்வு நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்பவருக்குச் சரி. குனிந்து தட்டச்சு செய்பவருக்கு அவை சுமை.

எடையைவிடத் தலைவலிக்கு அதிகக் காரணம் பக்கவாட்டு இறுக்கம். இறுக்கம் குறைந்தால் பேஸ் கசியும், தலையை ஆட்டினால் நழுவும். கூடினால் தாடை மூட்டுக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலும் வலி. இந்த வலி இரண்டு நிமிடச் சோதனையில் வராது. இருபதாவது நிமிடத்திலிருந்து நாற்பதாவது நிமிடத்துக்குள் வரும். ஆகவே கடையில் மாட்டிப் பார்ப்பதைவிட, திருப்பிக் கொடுக்க அவகாசம் தரும் இடத்தில் வாங்கி, வீட்டில் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. போட்டவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. காது மடலுக்குக் கீழே, தாடை முடியும் குழியில் விரலை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கசிவு அங்கேதான் இருக்கும். பேஸ் பாட்டு ஓடும்போது காதை மூடும் இரு குப்பிகளையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று எழுந்தால் உங்கள் தலைக்கு அந்த மெத்தை சரியாகப் படியவில்லை என்று பொருள்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இந்தச் சோதனையைக் கண்ணாடியோடுதான் செய்ய வேண்டும். சட்டத்தின் கம்பி இரண்டு வேலைகளைக் கெடுக்கிறது: மெத்தையைத் தூக்கிக் கசிவை உண்டாக்குகிறது, இறுக்கத்தை ஒரு கோட்டில் குவித்துக் காதுக்கு மேலே வலியைத் தருகிறது. மென்மையான நுரையும், வெல்வெட் போன்ற துணி மெத்தையும், மெல்லிய சட்டமும் உதவும். பின்பக்கம் திறந்த வகை ஹெட்போன்களில் இந்தப் பாதிப்பு பொதுவாகக் குறைவு.

புதிதாக வாங்கியது இறுக்கமாக இருந்தால், தலை அகலத்தைவிட ஒன்று அல்லது இரண்டு செ.மீ. கூடுதலாக இருக்கும்படி புத்தகங்களை அடுக்கி அதன்மேல் இரவு முழுக்க மாட்டி வைக்கலாம். காலையில் போட்டுப் பார்த்து, போதாவிட்டால் மறுநாளும் வைக்கலாம். உள்ளே இரும்புத் தகடு இருக்கும் தலைப்பட்டை இதற்கு இணங்கும். முழுக்கப் பிளாஸ்டிக் ஆனவற்றைக் கையால் வளைக்கவே கூடாது. குப்பியைத் தாங்கும் கவட்டையில்தான் விரிசல் விழும். தளர்ந்த ஹெட்போனை மறுபடி இறுக்குவது கடினம் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

இயர்பேட் எதனால் ஆனது என்பது வெப்பத்தையும் ஒலியையும் சேர்த்தே மாற்றுகிறது. செயற்கைத் தோல் காற்றை நன்றாக அடைக்கும், பேஸைப் பிடித்து வைக்கும், ஆனால் வியர்க்கும். சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். துணி மெத்தை குளுமையாக இருக்கும், சற்றுக் கசியவிடும், தூசியையும் முடியையும் சேர்க்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: துணி மெத்தையோடு வடிவமைக்கப்பட்ட ஹெட்போனுக்கு வேறொரு நிறுவனத்தின் தடித்த தோல் மெத்தையை மாட்டினால் வசதி கூடலாம், ஆனால் அது வேறொரு ஹெட்போனாகிவிடும். பேஸ் வீங்கலாம், உச்ச ஒலிகளில் புதுக் கூர்மை முளைக்கலாம்.

திறந்ததா, மூடியதா

ஸ்டீரியோ இசைக்கென்றே ஹெட்போன் பிறந்தது 1958-இல், அமெரிக்காவின் மில்வாக்கியில். ஜான் கோஸ் கொண்டுவந்த எஸ்பி/3 அது. அடுத்த பத்தாண்டுகளில் வந்த ஹெட்போன்களில் பெரும்பாலானவை கனமானவை, காதை முழுக்க அடைப்பவை. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 414-ஐ வெளியிட்டது. காதின்மேல் வெறும் மஞ்சள் நுரை, பின்பக்கம் திறப்பு, எடையோ மிகக் குறைவு. பின்பக்க ஒலி அடைபடாமல் வெளியேறுவதால் குப்பிக்குள் எதிரொலி இல்லை, காதுக்குக் காற்றோட்டம் உண்டு, ஒலி தலைக்கு வெளியே சற்று விலகி நிற்பதுபோலத் தோன்றும்.

இன்றும் தேர்வு இந்த இரண்டுக்கும் இடையேதான் தொடங்குகிறது. ஒலி எது நன்றாக இருக்கிறது என்பதற்கு முன், எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமைதியான அறை, பக்கத்தில் தூங்குபவர் யாரும் இல்லை என்றால் திறந்த வகையே எங்கள் தேர்வு. அதே பணத்துக்கு ஒலி இயல்பாக இருக்கும். நீண்ட நேரம் போட்டாலும் காது புழுங்காது. வீட்டில் யாராவது அழைத்தால் கேட்கும். மின்விசிறியின் இரைச்சல், வெளிச்சத்தம், அதே அறையில் இன்னொருவரின் தொலைக்காட்சி என்றால் திறந்த வகை தோற்றுவிடும். வெளிச்சத்தத்தை மூழ்கடிக்க ஒலியைக் கூட்டத் தோன்றும், அது காதுக்குக் கேடு. மைக்கில் பேசிப் பதிவு செய்பவர்களுக்கும் மூடியதே தேவை. இல்லையென்றால் ஹெட்போனில் ஓடுவது மைக்கில் ஏறும்.

இரைச்சல் நீக்கும் மின்னணு வசதி, தாழ்ந்த, மாறாத இரைச்சலுக்குத்தான் வலுவானது: விசிறி, குளிரூட்டி, விமானத்தின் உறுமல். பேச்சுக்குரலை அது முழுக்க நீக்காது. சிலருக்கு அதைப் போட்டவுடன் காதுக்குள் அழுத்தம் ஏறியதுபோல ஓர் உணர்வு வரும். வீட்டுக்குள் மட்டும் கேட்பவருக்கு அந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண்.

நல்ல ஒலி என்பது என்ன

வெளியிலிருந்து வரும் ஒலியைக் காது அப்படியே செவிப்பறைக்கு அனுப்புவதில்லை. மடலும் காதுக் குழாயும் சேர்ந்து 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைப் பத்து டெசிபெல்லுக்கும் மேலாகப் பெருக்குகின்றன. பிறந்தது முதல் மூளை அந்தப் பெருக்கத்துக்குப் பழகியிருக்கிறது. ஹெட்போன் அறையைத் தவிர்த்துவிட்டு நேரே காதில் ஒலிப்பதால், செவிப்பறையில் அளந்தால் அந்த மேடு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கும். ஆகவே செவிப்பறையில் நேர்கோடாக இருக்கும் ஹெட்போன் நல்ல ஹெட்போன் அல்ல.

அப்படியானால் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஒலி அளவு ஏறி இறங்கும் எந்த வளைவு சரி? ஒலிக் கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் கேட்பவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிப்பதை ஒத்த வளைவைப் பெரும்பான்மையோர் விரும்பினார்கள். 2013-ஐ ஒட்டி வெளியாகி, 2018-இல் திருத்தப்பட்ட அந்த இலக்கு வளைவுதான் இன்று விமர்சனங்களில் வரும் அளவீட்டுப் படங்களில் பின்னணிக் கோடாகத் தெரிவது. அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் நியாயமான வேறுபாடு உண்டு. ஆனால் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இலக்கிலிருந்து பெரிதும் விலகிய ஹெட்போனை வாங்காமல் விடுவது பாதுகாப்பு. குரலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

படங்களைப் படிக்காமலே காதால் கண்டுபிடிக்கவும் முடியும். நன்றாகப் பதிவான, நீங்கள் நூறு முறை கேட்ட பாடல்கள் மூன்று நான்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல் மார்பிலிருந்து கனமாக உறுமினால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் வீக்கம். மிருதங்கத்தின் தொப்பி அடியில் சுருதி தெரியாமல் வெறும் "தொம்" என்று மட்டும் கேட்டாலும் அதுவே குற்றம். குரல் பின்வாங்கி, பக்கவாத்தியங்கள் முன்னால் வந்தால் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் பள்ளம். "ச", "ஸ", "ஷ" எழுத்துகள் ஊசிபோலக் குத்தினால் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு கூர்மையான மேடு. முதல் ஐந்து நிமிடத்தில் இந்த மேடு "தெளிவு" என்று மயக்கும். ஒரு மணி நேரத்தில் காதைக் களைப்பாக்கும். கடைகளில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கியவர்கள் வீட்டில் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்துவது மிக முக்கியம். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பது "சத்தமாக இருக்கிறது" என்று தோன்றாது, "நன்றாக இருக்கிறது" என்றே தோன்றும். ஒரே வால்யூம் நிலையில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகினால், உணர்திறன் கூடியதுதான், அதாவது அதே மின்சாரத்துக்கு அதிகச் சத்தம் தருவதுதான், ஒவ்வொரு முறையும் வெல்லும்.

புது ஹெட்போனைப் பல மணி நேரம் ஓடவிட்டால் ஒலி பழுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. மெத்தை தலைக்குப் படிந்து அமுங்குவதும், கேட்பவரின் காது அந்த ஒலிக்குப் பழகுவதும் உண்மை. ஆனால் இதை நம்பி, பிடிக்காத ஹெட்போனை நூறு மணி நேரம் ஓடட்டும் என்று காத்திருந்து திருப்பிக் கொடுக்கும் அவகாசத்தைத் தவறவிடாதீர்கள்.

ஓம் கணக்கு

"இம்பீடன்ஸ் அதிகம் என்றால் ஆம்ப் வேண்டும்" என்ற ஒற்றை வரி அரை உண்மை. இம்பீடன்ஸ் என்பது ஹெட்போன் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை, ஓமில் அளப்பது. ஆம்ப் என்பது அதை ஓட்டும் ஒலிபெருக்கிக் கருவி. இம்பீடன்ஸோடு உணர்திறனையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும். உணர்திறனை ஒரு நிறுவனம் மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும், இன்னொன்று வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் எழுதும். இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டால் தப்பு. மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக்க 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 15 டெசிபெல் கூட்ட வேண்டும். 300 ஓமுக்குச் சுமார் 5 மட்டுமே.

சராசரியாக 80 டெசிபெல்லுக்குக் கீழே கேட்டாலும் இசையின் உச்சங்கள் 20 டெசிபெல் மேலே தாவும். கொஞ்சம் இருப்பும் வைத்துக்கொண்டு 110 டெசிபெல் உச்சத்துக்குத் திட்டமிடுவோம். மில்லிவாட்டுக்கு 100 டெசிபெல் தரும் 32 ஓம் ஹெட்போனுக்கு 10 மில்லிவாட், அதாவது 0.57 வோல்ட் போதும். மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் தரும் 300 ஓம் ஹெட்போனுக்கு 20 மில்லிவாட். ஆனால் வோல்ட் கணக்கில் 2.45 வேண்டும். மில்லிவாட்டுக்கு 90 மட்டுமே தரும் 32 ஓம் பிளேனாருக்கு 100 மில்லிவாட், 1.8 வோல்ட்டோடு 56 மில்லிஆம்பியர் மின்னோட்டமும் கேட்கும். மடிக்கணினியின் துளை பெரும்பாலும் 1 வோல்ட்டை ஒட்டித்தான் தரும். அந்த 1 வோல்ட்டில் மேலே சொன்ன 300 ஓம் ஹெட்போன் 102 டெசிபெல் உச்சம் வரை போகும். மெதுவாகக் கேட்பவருக்கு அதுவே போதும். மெல்லிய ஒலியில் பதிவான செவ்வியல் இசை கேட்பவருக்குப் போதாது.

ஆம்ப் வாங்கும்போது வாட்டைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 32 ஓமுக்கு 4 ஓமுக்குக் கீழே. ஏனென்றால் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வழக்கமான டைனமிக் ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றல்ல. பேஸ் பகுதியில் ஒரு மேடு இருக்கும். 32 ஓம் ஹெட்போன் பேஸில் 80 ஓமுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் உள்ள பழைய ஆம்ப்பில் அதைச் சொருகினால் பேஸ் சுமார் 5.5 டெசிபெல் வீங்கும். "இந்த ஆம்ப்பில் பேஸ் கதகதப்பாக இருக்கிறது" என்ற பாராட்டுகளில் சில இந்தக் கோளாறைத்தான் பாராட்டுகின்றன. பிளேனார் வகையில் இம்பீடன்ஸ் ஏறக்குறைய சமமாக இருப்பதால் ஒலியின் நிறம் மாறாது, அளவு மட்டும் குறையும்.

பையர்டைனமிக் டிடி 770 புரோ போன்றவை 32, 80, 250 ஓம் என்று பல வடிவங்களில் வருகின்றன. மடிக்கணினியிலோ கைபேசியிலோ சொருகுபவர் 250 ஓமை "தரமானது" என்று நினைத்து வாங்கி, ஒலி போதாமல் தவிக்க வேண்டாம்.

கணினியில் வரும் தொல்லைகள்

மேசைக் கணினியின் முன்பக்கத் துளையில் சுட்டியை நகர்த்தும்போதெல்லாம் "கிர்ர்" என்ற ஒலி வருகிறதா? அந்தத் துளைக்குப் போகும் கம்பி கிராஃபிக்ஸ் அட்டைக்கும் மின்வழங்கிக்கும் பக்கத்தில் ஓடி இரைச்சலை வாங்கிக்கொள்கிறது. பின்பக்கத் துளையில் சொருகிப் பாருங்கள். அங்கேயும் கேட்டால், கணினியின் எண்களை ஒலிக்கான மின்சைகையாக மாற்றும், விரல் நீளமே உள்ள சாதாரண யுஎஸ்பி டிஏசி போதும். ஒலிச் சில்லு பெட்டிக்கு வெளியே வந்துவிடுவதால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கும். ஹெட்போனுக்குப் போட வேண்டிய பணத்தை டிஏசிக்குக் கொட்டுவது தலைகீழ் செலவு. இரண்டு நல்ல டிஏசிகளுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே ஹெட்போனின் இரண்டு இயர்பேடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைவிடச் சிறியது.

பாட்டில் குரல் மட்டும் காணாமல் போய், பக்கவாத்தியம் குகைக்குள்ளிருந்து கேட்டால் ஹெட்போன் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். பிளக் முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது பொதுவான தரைக் கம்பி தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. அப்போது இடம், வலம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரல் இரண்டிலும் சமமாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அழுத்திச் சொருகிப் பாருங்கள். போகாவிட்டால் பிளக்கை ஒட்டிய கம்பியை லேசாக வளைத்துப் பாருங்கள். ஒலி வந்து வந்து போனால் கம்பி அங்கேதான் அறுந்திருக்கிறது.

புளூடூத் ஹெட்போனில் பாட்டு நன்றாக இருக்கும். காணொளி அழைப்பு தொடங்கியதும் எல்லாமே பழைய தொலைபேசிபோல ஆகிவிடும். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு அழைப்புக்கான முறைக்குத் தாவுகிறது. ஒலி ஸ்டீரியோவிலிருந்து மோனோவாகி, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டப்படும். பழைய முறையில் 4 கிலோஹெர்ட்ஸிலேயே. அழைப்புச் செயலியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கையோ தனி யுஎஸ்பி மைக்கையோ தேர்ந்தெடுத்தால் ஹெட்போன் மறுபடி ஸ்டீரியோவுக்கு வந்துவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்கக் கூடியது. ஆனால் கணினியும் ஹெட்போனும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும்.

புளூடூத்தின் இன்னொரு குறை தாமதம். சாதாரண இணைப்பில் 100 முதல் 250 மில்லிவினாடி வரை ஆகும். படம் ஓட்டும் செயலிகள் காட்சியையும் அதே அளவு தள்ளிப்போட்டுச் சமாளித்துவிடும். விளையாட்டும், வாத்தியம் வாசித்துப் பதிவதும் சமாளிக்காது. அவற்றுக்குக் கம்பி, அல்லது தனி யுஎஸ்பி ரிசீவரோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா வகை. சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பதுபோல ஒலிக்கும் என்று "7.1 சரவுண்ட்" எழுதியவற்றில் பெரும்பாலானவற்றில் இருப்பது இரண்டே டிரைவர்கள், மற்றது மென்பொருளின் வேலை. அந்த வேலையை நல்ல ஸ்டீரியோ ஹெட்போனிலும் கணினியே செய்யும்.

சமன் செய்தல்

உட்காரும் விதம் கச்சிதமாக இருந்து, ஒலியில் ஒன்றிரண்டு குறை மட்டும் இருந்தால் ஹெட்போனை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு அதிர்வெண்ணின் அளவையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மென்பொருள் போதும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, லினக்ஸில் ஈசி எஃபெக்ட்ஸ் ஆகியவை இலவசம். ஆட்டோஈக்யூ என்ற திறந்த திட்டத்தில் ஆயிரக்கணக்கான மாடல்களுக்கான திருத்தங்கள் தயாராக உள்ளன. உங்கள் மாடலின் கோப்பை எடுத்து ஏற்றுவது முதல் படி. இரண்டாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: எந்த அதிர்வெண்ணையாவது 6 டெசிபெல் தூக்கினால் ஒட்டுமொத்த அளவையும் 6 டெசிபெல் இறக்க வேண்டும். இல்லையென்றால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். மூன்றாவது, 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள திருத்தங்களை அப்படியே நம்பாதீர்கள். அங்கே அளவீடு, சோதனைக்கு வைக்கும் பொம்மைத் தலையின் காதைப் பொறுத்தது, உங்கள் காது வேறு. சந்தேகமிருந்தால் அந்தப் பகுதியை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

கசிவால் போன பேஸை ஈக்வலைசரால் மீட்க முடியாது. 10 டெசிபெல் தூக்கினாலும் டிரைவர் திணறிச் சிதைவுதான் கூடும். முதலில் மெத்தையைச் சரிசெய்யுங்கள்.

கருவி போலவே காதுக்கும் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. கேட்டு முடித்ததும் காதில் "ங்ங்" என்று இரைந்தால் எல்லை அன்றைக்கே தாண்டிவிட்டது. வசதியான ஹெட்போனில் நேரம் போவது தெரியாது என்பதால் அதற்கு இந்தக் கணக்கு இன்னும் அவசியம்.

நாளானால்

ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் ஹெட்போனை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். குறையும் கூடவே மாறினால் குற்றம் ஹெட்போனில் அல்லது ஆம்ப்பில். மாறாமல் அதே காதில் நின்றால் காதை மருத்துவரிடம் காட்டுங்கள். பேஸ் வரும்போது மட்டும் ஒரு பக்கம் "ஜிர்" என்று அதிர்ந்தால், டிரைவர் கிழிந்ததாக முடிவு செய்யும் முன் மெத்தையைக் கழற்றிப் பாருங்கள். ஒரே ஒரு தலைமுடி டிரைவர் சவ்வைத் தொட்டாலும் இதே சத்தம் வரும். முன்னால் உள்ள நுரையை எடுத்து, முடியை மென்மையான தூரிகையால் வெளியே இழுத்தால் போதும். ஊதாதீர்கள், அழுத்தக் காற்றை அடிக்கவே அடிக்காதீர்கள், சவ்வு மடங்கிவிடும்.

தினமும் பயன்படும் ஹெட்போனில் முதலில் சாவது மெத்தை, அடுத்தது கம்பி. மெத்தை தட்டையானால் காது டிரைவரை நெருங்கும், கசிவு கூடும், பழைய ஒலி போய்விடும். இது மெதுவாக நடப்பதால் உரிமையாளருக்குத் தெரிவதில்லை. ஆகவே வாங்கும் அன்றே இரண்டைப் பாருங்கள்: கம்பி குப்பியிலிருந்து கழற்றக் கூடியதா, அதே நிறுவனத்தின் மெத்தை தனியாகக் கிடைக்கிறதா. சென்ஹைசர் எச்டி 600 வெளிவந்தது 1997-இல். அதன் கம்பி, மெத்தை எல்லாம் இன்றும் தனித்தனியாக வாங்கிக் கையாலேயே மாற்றலாம். புது மெத்தை மாட்டிய அன்று பழகிய பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பழைய மெத்தை எவ்வளவு பேஸை வெளியே விட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போது தெரியும்.